கியர் உண்டு, கியர் இல்லை: ஓர் உரிமத்தின் வரலாறு

இருசக்கர வண்டிக்கான ஓட்டுநர் உரிமத்தை எடுத்துப் பார்த்தால் அதில் எம்.சி.டபிள்யூ.ஜி. என்றோ எம்.சி.டபிள்யூ.ஓ.ஜி. என்றோ சில எழுத்துகள் காணப்படும். முன்னது கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கு உரியது. பின்னது கியர் இல்லாததற்கு. பேச்சில் 'வித் கியர்', 'வித்தவுட் கியர்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இந்தப் பிரிவு எங்கிருந்து வந்தது, ஏன் கியரை வைத்துப் பிரித்தார்கள், எடையையோ வேகத்தையோ வைத்து ஏன் பிரிக்கவில்லை என்ற கேள்விகள் நமக்கு எழுவதில்லை.

தமிழ் கற்பிக்கும் நமக்கு வகைப்படுத்தல் புதிதன்று. உயிர்களை அறிவின் எண்ணிக்கை கொண்டு ஓரறிவு முதல் ஆறறிவு வரை பிரித்த தொல்காப்பிய மரபியலைப் படித்தவர்கள் நாம். எதை அளவுகோலாகக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தே வகைகள் அமையும். அந்த அளவுகோலோ வகுத்தவரின் காலத்தையும் கவலையையும் காட்டிக்கொடுத்துவிடும். சட்டமும் அப்படித்தான். மோட்டார் வாகனச் சட்டத்தை ஒரு பழம்பிரதியைப் போலப் பாடபேதங்களோடு படித்தால், இருசக்கர வண்டியைப் பற்றிய சில பகுதிகளில் வெவ்வேறு காலத்து ஏடுகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பது தெரியவரும். அந்தக் கட்டின் விளைவைச் சுமப்பவர்கள் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும். ஆகவே இது வெறும் பாட ஆராய்ச்சியன்று.

முதலில் மூலத்தைப் பார்ப்போம். இங்கிலாந்தின் 1903ஆம் ஆண்டு மோட்டார் கார் சட்டம் 1904 சனவரி முதல் ஓட்டுநர் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. ஐந்து ஷில்லிங் கட்டினால் உரிமம். தேர்வு ஏதும் கிடையாது. காருக்குப் பதினேழு வயது, மோட்டார் சைக்கிளுக்குப் பதினான்கு வயது. இயந்திரம் பொருத்திய சைக்கிள் என்ற நினைப்பில் பதினான்கு வயதுச் சிறுவனிடம் அதைக் கொடுக்கச் சட்டம் தயங்கவில்லை. 1930ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவ்வயது பதினாறாக உயர்ந்தது. ஓட்டிக் காட்டும் தேர்வு கட்டாயமானது 1935 சூன் மாதத்தில்தான். மோட்டார் சைக்கிள் தேர்வில் தேர்வாளர் நடைபாதையில் நின்றுகொண்டு, வண்டி தெருவைச் சுற்றி வருவதைப் பார்ப்பார். திடீர் நிறுத்தத்தைச் சோதிப்பதற்காக வேறு யாரோ ஒருவருடைய வண்டியின் முன்னால் போய் நின்றுவிட்ட தேர்வாளரைப் பற்றிய கதை அந்நாட்டில் நாட்டார் வழக்காகவே புழங்குகிறது. உண்மையோ பொய்யோ, தேர்வின் தரத்தைப் பற்றிய நல்ல விமரிசனம் அது.

இந்தியாவில் மாகாணங்கள் தனித்தனியே இயற்றியிருந்த சட்டங்களுக்கு மாற்றாக நாடு முழுமைக்குமான சட்டம் 1914இல் வந்தது. அதன் இடத்தை 1939ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துக்கொண்டு அடுத்த ஐம்பதாண்டுகள் ஆண்டது. மோட்டார் சைக்கிளை அது காரிலிருந்து பிரித்துத் தனி வகுப்பாக வைத்தது. அன்றைய சாலைகளில் மோட்டார் சைக்கிள்கள் குறைவு. விடுதலைக்குப் பின்னும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கிப் புல்லட் வந்தது. 1960களில் மைசூரிலிருந்து ஜாவாவும் வடக்கே ராஜ்தூத்தும் வந்தன. ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தலைமுறையை நம் வீடுகளிலேயே காணலாம். இவையெல்லாம் கியர் உள்ள வண்டிகள். பஜாஜ் சேட்டக்கில் இடக்கைப் பிடியைத் திருகிக் கியர் மாற்ற வேண்டும். புல்லட்டில் காலால் மாற்ற வேண்டும். கையானாலும் காலானாலும் கியர் கியர்தான்.

இந்தப் படத்தை மாற்றியது மொபெட். 1972இல் புனேயிலிருந்து லூனா வந்தது. 1980இல் ஓசூரில் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தார் டி.வி.எஸ். 50 வண்டியை வெளியிட்டனர். ஐம்பது சி.சி. இயந்திரம், மிதிப்பதற்குப் பெடல், இருவர் அமரும் வசதி, கியர் கிடையாது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் இந்த வண்டி சுமக்காத பொருள் இல்லை எனலாம். பால் கேன், தீவனக்கட்டு, தண்ணீர்க் குடம், துணி மூட்டை என அனைத்தையும் ஏற்றிக்கொண்டு வரப்பு வழியே போனது. சைக்கிளுக்கு அடுத்த படியாகவே மக்கள் அதைக் கருதினர். சைக்கிளுக்கு உரிமம் உண்டா என்ன?

இந்தச் சூழலில்தான் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இயற்றப்பட்டு 1989 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. நாம் ஊன்றிப் படிக்க வேண்டியவை இதன் மூன்று பிரிவுகள்.

பத்தாம் பிரிவு உரிமத்தின் வகுப்புகளை அடுக்குகிறது. முதலாவது கியர் இல்லாத மோட்டார் சைக்கிள், இரண்டாவது கியர் உள்ள மோட்டார் சைக்கிள். பிறகே கார் முதலானவை. நான்காம் பிரிவு வயதைச் சொல்கிறது: பதினெட்டு நிரம்பாதவர் பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டலாகாது, ஆயினும் கியர் இல்லாத மோட்டார் சைக்கிளைப் பதினாறு வயது நிரம்பியவர் ஓட்டலாம். ஏழாம் பிரிவோ, பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்குக் கியர் இல்லாத மோட்டார் சைக்கிளுக்கான பழகுநர் உரிமம் தர வேண்டுமானால் அவரைப் பேணுபவரின் எழுத்து மூலமான ஒப்புதல் வேண்டும் என்கிறது. மூன்று பிரிவுகளும் ஒரே சொல்லால் பேசின. கியர் இல்லாதது என்றால் சிறியது, மெதுவானது, சைக்கிளின் உறவு. அக்காலத்து மொபெட்டை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட வரிகள் இவை என்பதே நம் கருத்து.

ஆனால் சட்டம் எழுதப்படும்போதே அந்தச் சமன்பாடு உடையத் தொடங்கியிருந்தது. 1980களின் நடுவில் கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டர் வந்துவிட்டது. ஏறத்தாழ நூறு சி.சி. இயந்திரம், பொத்தானை அழுத்தினால் கிளம்பும், கியர் மாற்ற வேண்டியதே இல்லை. அதற்குள் கியர் இல்லாமல் இல்லை. பட்டையும் விரிந்து சுருங்கும் கப்பிகளும் கொண்ட ஓர் அமைப்பு வேகத்திற்கேற்பத் தானே விகிதத்தை மாற்றிக்கொள்கிறது. ஓட்டுபவருக்கு அந்த வேலை இல்லை, அவ்வளவே. 'கியர் இல்லாத' என்ற தொடர் இயந்திரத்தைப் பற்றியதாக இருந்தது போய், ஓட்டுபவரின் கையையும் காலையும் பற்றியதாகிவிட்டது. அன்றைய நூறு சி.சி. மோட்டார் சைக்கிளுக்கு நிகரான ஒரு வண்டியைப் பதினாறு வயதுப் பிள்ளை ஓட்டலாம் என்று சட்டத்தின் எழுத்து இடங்கொடுத்தது.

1994ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இந்த ஓட்டையை அடைத்தது. நான்காம் பிரிவில் 'கியர் இல்லாத மோட்டார் சைக்கிள்' என்ற சொற்களை நீக்கி, 'ஐம்பது சி.சி.க்கு மேற்படாத இயந்திரத் திறனுள்ள மோட்டார் சைக்கிள்' என்ற சொற்களை அவ்விடத்தில் வைத்தது. ஆனால் ஏழாம் பிரிவையும் பத்தாம் பிரிவையும் பழைய பாடத்திலேயே விட்டுவிட்டது. ஓர் ஏட்டை மாற்றி மற்ற இரண்டையும் அப்படியே கட்டிவிட்ட சுவடி போல, வயதைச் சொல்லும் பிரிவு கொள்ளளவால் பேசுகிறது. ஒப்புதலையும் வகுப்பையும் சொல்லும் பிரிவுகள் கியரால் பேசுகின்றன. ஐம்பது சி.சி.யில் கியர் உள்ள வண்டி ஒன்று இருந்தால் பதினாறு வயதுப் பிள்ளை அதை ஓட்டலாமா? நான்காம் பிரிவின் எழுத்து ஓட்டலாம் என்கிறது. அந்தப் பிள்ளைக்கான ஒப்புதலைப் பற்றி ஏழாம் பிரிவு பேசவில்லை. உரையாசிரியர்களுக்கு நல்ல வேலை.

நடைமுறையில் இந்தச் சிக்கல் எழாமலே போனதற்குக் காரணம், ஐம்பது சி.சி. வண்டிகளே சந்தையிலிருந்து மறையத் தொடங்கியதுதான். திருத்தம் வந்த காலத்தை ஒட்டி அறிமுகமான டி.வி.எஸ். ஸ்கூட்டியின் இயந்திரம் அறுபது சி.சி. மொபெட்டுகளும் அறுபது, எழுபது என வளர்ந்தன. 2015இல் வந்த எக்ஸ்.எல். 100 ஏறத்தாழ நூறைத் தொட்டது. 2000க்குப் பின் ஆக்டிவாவும் அதன் வழி வந்தவையும் தெருக்களை நிறைத்தன. இன்று விற்கும் கியர் இல்லாத பெட்ரோல் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை 110 முதல் 125 சி.சி. வரையிலானவை. பதினாறு வயதினருக்கெனச் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அதன் வழியே நுழையக்கூடிய பெட்ரோல் வண்டி கடையில் இல்லை.

மேல்நிலைப் பள்ளிகளின் வாயிலில் மாலை நேரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவின் ஸ்கூட்டரிலோ அக்காளின் ஸ்கூட்டரிலோ மூவராக வரும் பிள்ளைகள் எவருக்கும் அந்த வண்டிக்கான உரிமம் இருக்க வாய்ப்பில்லை. 'கியர் இல்லாத வண்டிதானே, பதினாறு ஆகிவிட்டதே' என்று பெற்றோர் சொல்வதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். 1994க்கு முந்தைய சட்டம் இன்னும் அவர்கள் நினைவில் நடைமுறையில் இருக்கிறது! 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் இந்த மயக்கத்தின் விலை மிகப் பெரிது. சிறார் வாகனம் ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால் பாதுகாவலரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கொள்ளப்படுவார். மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடைக்காது. தனக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க இயன்றதனைத்தும் செய்ததாகவோ மெய்ப்பிக்கும் பொறுப்பும் பெற்றோர் தலையில்தான். முறையான பழகுநர் உரிமத்தோடு, ஓட்ட அனுமதிக்கப்பட்ட வண்டியையே ஓட்டிய சிறாரின் பெற்றோருக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த அனுமதிக்கப்பட்ட வண்டி எது என்பதை மேலே பார்த்தோம்.

மின்வண்டிகளைப் பற்றி ஒரு சொல். இருநூற்றைம்பது வாட்டுக்குக் குறைந்த ஆற்றலும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் உடையவற்றை விதிகள் மோட்டார் வாகனமாகவே கொள்வதில்லை. அவற்றுக்கு உரிமம் வேண்டாம். அதற்கு மேற்பட்ட மின்ஸ்கூட்டர்களுக்கு வேண்டும். உருவில் இரண்டும் ஒன்றுபோலிருப்பதால், கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பாமல் வண்டியின் ஆவணங்களைப் பார்த்து வாங்குவது நல்லது.

இனி, பதினெட்டு நிரம்பிய ஒருவர் உரிமம் பெறும் வழி. இன்று விண்ணப்பம் இணையத்தில், 'சாரதி' தளத்தின் வழியே தொடங்குகிறது. வயதுக்கும் முகவரிக்கும் சான்று, உடல்நலம் குறித்த தன்னுறுதிமொழி, நாற்பதைக் கடந்தவராயின் மருத்துவச் சான்று ஆகியன வேண்டும். சாலைக் குறியீடுகளையும் விதிகளையும் பற்றிய வினாக்களில் அறுபது விழுக்காடு சரியாக விடையளித்தால் பழகுநர் உரிமம் கிடைக்கும். அது ஆறு மாதம் செல்லும். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும். பின்னிருக்கையில் ஏற்றத்தக்கவர் உரிமம் பெற்ற பயிற்றுநர் ஒருவரே. நண்பரை ஏற்றிக்கொண்டு பழகுவது விதிமீறல். முப்பது நாள் கழிந்த பின் ஓட்டுத் தேர்வுக்குப் போகலாம்.

அந்தத் தேர்வுக்குத் தமிழ் மக்கள் தாமே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள்: எட்டுப் போடுதல். தரையில் வரைந்த எட்டின் மேல் கால் ஊன்றாமல் வண்டியைச் செலுத்த வேண்டும். 'எட்டுப் போட்டாயிற்றா?' என்றால் உரிமம் வந்துவிட்டதா என்று பொருள். சட்டத்தின் எந்தத் தொடரும் இந்த அளவுக்கு மக்கள் நாவில் ஏறியதில்லை. தவறினால் ஏழு நாள் கழித்து மீண்டும் முயலலாம். மெதுவாகவும் சமநிலையோடும் வண்டியைத் திருப்பும் திறனை எட்டு நன்றாகவே சோதிக்கிறது. வேகத்தில் வரும்போது நிறுத்துவதை, மழையில் வளைவதை, பேருந்துக்குப் பின்னிருந்து வெளிப்படும் மனிதரை முன்னுணர்வதை அது சோதிப்பதில்லை.

இவ்விடத்தில் ஒன்பதாம் பிரிவின் ஒரு வரியை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கியர் உள்ள வண்டியில் தேர்ச்சி பெற்றவர் கியர் இல்லாததிலும் தேர்ச்சி பெற்றவராகவே கருதப்படுவார். மறுதலை கிடையாது. அப்படியிருக்க, நம் மாணவியர் பலரின் உரிமத்தில் கியர் இல்லாத வகுப்பு மட்டுமே இருப்பதைக் காண்கிறோம். அவர்களைக் கேட்டால், விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவர் கேட்காமலே அப்படி எழுதிவிட்டார் என்பதே பெரும்பாலும் விடை. ஸ்கூட்டி போன்ற வண்டிகள் இளம்பெண்களை முன்னிறுத்தியே விளம்பரம் செய்யப்பட்டன. பெண்களின் நடமாட்டத்துக்கு அவை திறந்த வழியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் சந்தை போட்ட கோட்டை உரிமமும் ஏற்றுக்கொண்டு, பெண் என்றால் கியர் இல்லாதது என்று அச்சடித்துத் தருவதைச் சட்டம் எங்கும் கோரவில்லை.

கீழ்ப்படியில் இத்தனை குழப்பம் என்றால் மேற்படியில் படியே இல்லை. கியர் உள்ள வகுப்பு என்பது நூறு சி.சி. வண்டிக்கும் ஆயிரம் சி.சி. வண்டிக்கும் ஒன்றே. இங்கிலாந்து இதை 1961இலேயே உணர்ந்தது. பழகுநர்கள் 250 சி.சி.க்கு மேல் ஓட்டலாகாது என்று கட்டுப்படுத்தி, 1980களின் தொடக்கத்தில் அதை 125 ஆகக் குறைத்தது. 1990இல் சாலையில் இறங்குமுன் அடிப்படைப் பயிற்சி கட்டாயமாயிற்று. 2013 சனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நெறிமுறைப்படி ஏ.எம்., ஏ1, ஏ2, ஏ என்ற நான்கு படிகள் வந்தன. அங்கே ஏ1 உரிமத்துக்குப் பதினேழு வயது, 125 சி.சி., பதினொரு கிலோவாட். ஏ2 உரிமத்துக்குப் பத்தொன்பது வயது, முப்பத்தைந்து கிலோவாட். ஏ உரிமத்துக்கு எல்லையில்லை, ஆனால் இருபத்துநான்கு வயது வேண்டும், அல்லது ஏ2வில் இரண்டாண்டு கழித்து இருபத்தொன்றில் பெறலாம். தானியங்கி வண்டியில் தேர்வெழுதியவருக்கு அவ்வகை வண்டிக்கே உரிமம் என்ற விதி அங்கும் உண்டு. ஆயினும் அது துணைவிதி. முதன்மை அளவுகோல் ஆற்றலே.

2018இல் ராயல் என்ஃபீல்டு வெளியிட்ட 648 சி.சி. வண்டியை எடுத்துக்கொள்வோம். சென்னையை ஒட்டிய ஆலையில் உருவாகும் வண்டி. அதன் ஆற்றல் முப்பத்தைந்து கிலோவாட்டுக்குள் அடங்குவதால் இங்கிலாந்தில் ஏ2 உரிமத்தார் ஓட்டலாம். அதாவது பத்தொன்பது நிரம்ப வேண்டும், அதற்குரிய தேர்வில் தேற வேண்டும். ஆலை வாசலில் வசிக்கும் பதினெட்டு வயதுப் பையனோ, நூறு சி.சி. வண்டியில் காலையில் எட்டுப் போட்டு உரிமம் கைக்கு வந்ததும் அதே 648 சி.சி. வண்டியை முறைப்படியே ஓட்டலாம்.

ஜப்பானின் வரலாறு வேறொரு பாடம். 1975இல் அங்கே 400 சி.சி. என்ற எல்லையை வகுத்தார்கள். அதைத் தாண்டுவதற்கான தேர்வில் தேறுவது மிக அரிதாக இருந்தது. பெரிய வண்டிக்கான உரிமத்தைப் பயிற்சிப் பள்ளிகள் வழியே பெறும் வாய்ப்பு 1996இல்தான் வந்தது. எல்லை வந்ததும் இயந்திரங்கள் அதற்குப் பணிந்தன. ஹோண்டாவின் 408 சி.சி. வண்டி ஒன்று உள்நாட்டுச் சந்தைக்காக 398 ஆகச் சுருங்கியது. 2005இல் அங்கும் தானியங்கி வண்டிகளுக்கு மட்டுமான உரிமம் பிறந்தது. ஐம்பது சி.சி. வகுப்பின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புகைக் கட்டுப்பாட்டை ஐம்பது சி.சி. இயந்திரங்களால் தாங்க இயலாது என்பது முன்பே தெரிந்திருந்தது. ஆகவே 2025 ஏப்ரலிலேயே விதியை மாற்றி, ஆற்றலை நான்கு கிலோவாட்டுக்குள் அடக்கிய 125 சி.சி. வரையிலான வண்டிகளைப் பழைய ஐம்பது சி.சி. உரிமத்தாரே ஓட்டலாம் என்று ஆக்கிவிட்டார்கள். வண்டி மறையுமுன் சட்டம் நகர்ந்தது.

நம் சட்டத்திலும் இதற்கு இடமுண்டு. கொள்ளளவுக்குப் பதிலாக ஆற்றலுக்கும் வேகத்துக்கும் ஓர் உச்சவரம்பு வைத்துப் பதினாறு வயதினருக்கான வகுப்பை மீட்டெடுக்கலாம்; அல்லது அவ்வகுப்பே வேண்டாம், பதினெட்டுதான் என்று தெளிவாக எழுதிவிடலாம். இரண்டில் எதுவும் இப்போதிருப்பதைவிட நேர்மையானது என்றே நமக்குத் தோன்றுகிறது. மேற்படியில் குறைந்தது ஓர் இடைப்படியாவது வேண்டும். இதற்கு எதிர்வாதமும் உண்டு: படிகள் கூடினால் அலுவலக நடைகள் கூடும், இடைத்தரகருக்கு வருவாய் கூடும், இரண்டாம் உரிமத்துக்குச் செலவிட முடியாத கூலித் தொழிலாளி உரிமமின்றியே ஓட்டுவார். இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அவர் ஓட்டப்போவது நூறு சி.சி. வண்டி, இடைப்படி அவரைத் தொடாமலே அமைக்கப்படலாம்.

உரிமம் என்ற சொல்லையும் இங்கே நினைத்துக்கொள்கிறோம். ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேர் 'அனுமதிக்கப்படுதல்' என்ற பொருளது. நாம் ஆக்கிக்கொண்ட சொல்லோ உரிமையிலிருந்து பிறந்தது. அனுமதியைத் தருபவர் திரும்பப் பெறலாம்; சட்டத்தின் பத்தொன்பதாம் பிரிவு உரிமத்தைப் பறிக்கும் அதிகாரத்தை அலுவலருக்குத் தருவதும் அந்த அடிப்படையில்தான். சொல்லாக்கம் செய்தவர்கள் சற்றே தாராளமாக இருந்துவிட்டார்கள்.

கியர் இல்லாத வகுப்பு மட்டும் உள்ளவர்கள் மற்றதைச் சேர்த்துக்கொள்ளப் பதினோராம் பிரிவு வழி செய்கிறது. புதிய வகுப்புக்குப் பழகுநர் உரிமம் பெற்று, முப்பது நாள் காத்திருந்து, கியர் உள்ள வண்டியில் மறுபடியும் எட்டுப் போட வேண்டும். பழைய உரிம எண் மாறாது. அதே அட்டையில் இரண்டாவது வகுப்பும் ஏறிவிடும். சென்ற பருவத்தில் நம் முதுகலை மாணவியர் இருவர் இவ்வழியே சென்று சேர்த்துக்கொண்டனர்.